பாதி ஊசியில் வந்த செய்தி

பணிமனையில் அவளுக்கு வெண்ணெய் என்று பெயர். வசவாக வைத்த பெயர் இல்லை. அவள் பிரேக் போட்டால் பேருந்து நிற்பதே தெரியாது. கையில் தேநீரோடு ஏறியவர்கள்கூடச் சிந்தாமல் இறங்கிப் போவார்கள். "வெண்ணெய் மாதிரி நிறுத்துது பாருய்யா இந்தப் பொண்ணு" என்று ஆரம்பத்தில் ஒரு ஓட்டுநர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள்தான் பாவம். முற்றத்தில் யாராவது "ஏய் வெண்ணெய்!" என்று கத்தினால், சண்டை வரப்போகிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்குவார்கள்.

அவள் கணவன் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். வீடு வீடாகப் போய் ஸ்பேனரும் டார்ச்சுமாகத் தரையில் படுத்துக் கிடக்கும் வேலை. பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஆனால் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பான். கல்யாணம் ஆகிப் பல வருஷம் குழந்தை இல்லை. முதலில் மற்றவர்கள் கேட்டார்கள், இவர்கள் சிரித்து மழுப்பினார்கள். பிறகு மற்றவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மாத்திரை, ஸ்கேன், இன்னும் கொஞ்சம் மாத்திரை என்று போய், கடைசியில் கருத்தரிப்பு மருத்துவமனையின் டாக்டரம்மா, "இனிமே வெளியே கருவை உருவாக்கி உள்ள வைக்கறதுதான் வழி" என்றார்.

அப்படித்தான் ஊசி ஆரம்பித்தது. கருமுட்டைகளை ஒரே மாதத்தில் கூட்டமாக வளரவைக்கும் ஹார்மோன் ஊசி. தினமும் அதே நேரத்துக்கு வயிற்றில் போட வேண்டும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாளில் கணவன் போடுவான். மாலை ஷிப்ட் விழுந்தால், ஐஸ் பையில் சுற்றிய மருந்து, அவளோடு அதே வண்டியில் வரும் கண்டக்டரக்காவின் தோள்பைக்குள் பயணம் செய்யும். கடைசி நிறுத்தத்தில் பெண் ஊழியர்களின் ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவே ஊசி போடுவாள்.

"பயப்படாத. மூணு பெத்தவ கை இது. ராசியான கை."

"அக்கா, முதல்ல கையைக் கழுவு. ராசியை அப்புறம் பார்க்கலாம்."

ஊசி சின்னதுதான். அது செய்த வேலைதான் பெரிது. வயிறு உப்பி, சீருடையின் கடைசிப் பித்தான் போட முடியவில்லை. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது அடிவயிற்றில் யாரோ முஷ்டியால் குத்துவதுபோல் இருக்கும். ஒருநாள் சிக்னலில் ஒரு தெருநாய், மனிதர்களோடு மனிதராகப் பச்சை விளக்குக்குக் காத்திருந்து தெருவைக் கடந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டாள். "நாய்க்கா அழுத?" என்று கண்டக்டரக்கா கேட்டாள். "எவ்வளவு பொறுப்பா நின்னுச்சு தெரியுமாக்கா" என்றாள் வெண்ணெய், மறுபடியும் மூக்கை உறிஞ்சியபடி.

சிகிச்சைக்கு முன்னால் எடுத்த பரிசோதனைகளில், கருப்பை வாயிலிருந்து சின்னத் தூரிகையால் செல்களை எடுத்துப் பார்ப்பதும் ஒன்று. முதல் தடவை எடுத்தது போதவில்லை என்று, ஊசி தொடங்கிய அன்று மறுபடி எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுப்பதுதான் என்று நர்ஸ் சொன்னதால் அவள் அதை மறந்தே போனாள். அவள் நினைப்பெல்லாம் ஸ்கேனில் தெரியும் கரும் வட்டங்களிலேயே இருந்தது. எத்தனை வளர்ந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி பாதி முடிந்திருந்த சமயம். மதியம் கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தபோது போன் வந்தது. மருத்துவமனை நர்ஸ்.

"டாக்டர் உங்களைப் பார்க்கணும்கறாங்க. நாளைக்கே வர முடியுமா? வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"முட்டை சரியா வளரலையா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. இது கருப்பை வாய் டெஸ்ட். அதுல ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் இருக்கறதா வந்திருக்கு. செல்லுங்களும் கொஞ்சம் மாறியிருக்காம். பயப்பட ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் வரும்வரை அவளுக்குப் பயம் வரவில்லை. வைரஸ் என்றால் காய்ச்சல், ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், 'பயப்பட ஒண்ணும் இல்ல' என்றதும் ரொட்டியைக் கீழே வைத்தாள். போனிலேயே அந்தப் பெயரைத் தேடினாள். முதலில் கண்ணில் பட்ட வார்த்தை புற்றுநோய். இரண்டாவதாகக் கண்ணில் பட்டது, அது எந்த வழியாகத் தொற்றும் என்பது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் பயணிகள் ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னல் மஞ்சளாகி, சிவப்பாகி, சிவப்பிலேயே நிற்பதை அவள் பார்த்தாள். பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்தபோது காலை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி பறந்து போய் முன்வாசல் படியில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் கண்டக்டரக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தாள். சிக்னல் பச்சையான பிறகும் அது கியருக்குப் போகவில்லை.

"என்னடி ஆச்சு?"

"பணிமனை போனதும் சொல்றேன்."

பணிமனை சேர்ந்ததும் நேராக நேரக்காப்பாளரின் ஜன்னலுக்குப் போய், "அடுத்த நடைக்கு வேற ஆளைப் போடுங்க சார். என்னால ஓட்ட முடியாது" என்றாள். எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற மனிதர் அவர். அன்று என்னவோ அவள் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் தலையை ஆட்டினார்.

வீட்டில் கணவன் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ், செல், புற்றுநோய் என்று தேடிப் படித்தது வரை. எப்படித் தொற்றும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் பழைய துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். அது எப்படி வந்தது, யாரால் வந்தது என்று எதையும் கேட்கவில்லை. அவன் கேட்காததே அவளுக்கு ஒரு கேள்வியாக நெஞ்சில் உட்கார்ந்தது.

ஊசி நேரம் வந்தபோது அவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். "வேணாம்ங்க. இந்த மருந்து அதுக்குத் தீனி போடற மாதிரி ஆயிட்டா? முட்டையை வளர்க்கறது அதையும் சேர்த்து வளர்த்துட்டா?"

அவன் மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டான். நிறுத்த வேண்டாம், இன்றைக்கு வழக்கம்போல் போடுங்கள் என்றார்கள். பத்தாயிரம் திருகாணிகளைக் கழற்றி மாட்டிய கை, அன்று ஊசியை இரண்டு தடவை குத்தியது.

மறுநாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கருப்பையை வரைந்தார். தலைகீழாகப் பிடித்த குடுவை போல இருந்தது. அதன் கழுத்து முனையைப் பேனாவால் தட்டினார்.

"இங்கதான் அந்த வைரஸ். ரொம்பப் பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வர்றதுதான். பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாம தங்கிடும். தங்கினா செல்லை மாத்த ஆரம்பிக்கும். உங்களுக்கு மாறியிருக்கறது எவ்வளவு தூரம்னு நான் லென்ஸ் வச்சுப் பெரிசாக்கிப் பார்க்கணும், துளியூண்டு சதையும் எடுத்து அனுப்பணும்."

"இந்த ஊசியால வந்ததா?" என்று அவள் கேட்டாள்.

"ஊசி வைரஸைக் கொண்டுவராது. அது முன்னாடியே இருந்திருக்கு. ஹார்மோன் ஏறி இறங்கும்போது உடம்பு அதை விரட்டறது தாமதமாகுமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. இன்னும் தீர்மானமா யாரும் சொல்லல. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கொஞ்ச நாள் ஊசியால புற்றுநோய் வந்துடும்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல."

அதுவரை சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கணவன் திரும்பினான். "எப்ப வந்திருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க. போன வருஷமா இருக்கலாம், பதினஞ்சு வருஷம் முன்னாடியா இருக்கலாம். சத்தமில்லாம வருஷக்கணக்கா படுத்துக் கிடக்கும். யார்கிட்ட இருந்து யாருக்குன்னும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலையே வேணாம்."

ஊசியைத் தொடர்ந்து முட்டைகளை எடுத்துவிடுவது, கருக்களை உருவாக்கி உறைய வைப்பது, கருப்பை வாய் சரியாகும்வரை எதையும் உள்ளே வைக்காமல் இருப்பது என்று முடிவானது. முட்டை எடுத்த அன்று மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் காதோரமாக, நல்லபடியாக எடுத்தாகிவிட்டது என்றாள். சில நாளில் நான்கு கருக்கள் உறைநிலைக்குப் போயின. நான்கு என்று கேட்டதும் அவளுக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. தன் பிள்ளைகள் ஓரிடத்தில் குளிரில் காத்துக்கிடக்க, தான் இன்னோரிடத்தில் பயத்தில் காத்துக்கிடப்பதாகத் தோன்றியது.

பிறகு லென்ஸ் பரிசோதனை. கருப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவினார்கள், எரிந்தது. மாறிய இடங்கள் வெள்ளையாகத் தெரியும் என்றார் டாக்டரம்மா. திரையைப் பார்க்கலாமே என்றதற்கு அவள் மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கிள்ளி எடுத்ததுபோல் ஒரு வலி. முடிவு வர நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் வீடு வீடாக இல்லாமல் போனது. இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். "தண்ணி வேணுமா?" "வேணாம், நீ குடி." "விளக்கை அணைக்கவா?" "அணைச்சுக்கோங்க." விடுதியில் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் முன்பின் தெரியாதவர்கள்கூட இதைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள். அவன் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்று அவள் நினைத்தாள். காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், அவள் லாரிப் பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒருவன் இருந்தான். கொஞ்ச காலம்தான். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் வேறு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். அதை அவள் கணவனிடம் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு தடவை கண்ணை மூடும்போதும், நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் கொண்டுவந்தேன் என்று உள்ளே வண்டிச் சக்கரம்போல் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவனின் அக்கா. பெரிய பள்ளிக்கூடத்தில் அலுவலக மேலாளர். கதவைத் திறக்கிறவர்கள் முன்னால், படிவம் நிரப்ப வந்த பெற்றோரிடம் 'பேனா எங்க?' என்று கேட்பதுபோலவே நிற்பாள். சிகிச்சை ஏன் பாதியில் நின்றது என்று தம்பியைத் துருவி, வைரஸின் பெயரை வாங்கியிருந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அது எப்படி வரும்னு நானும் படிச்சேன். என் தம்பி ராத்திரி பகல்னு மிஷினைக் கட்டிக்கிட்டு அழறவன். நீதான் வெளியில நாலு பேரோட வேலை பார்க்கறவ. நான் எதுவும் சொல்லல. கேட்கறேன், அவ்வளவுதான்."

வெண்ணெய் தலையைக் குனிந்தாள். சமையலறை வாசலில் நின்ற கணவன், கையிலிருந்த தம்ளரை மெதுவாக அலமாரியில் வைத்தான்.

"அக்கா, அது என்னால வந்ததா இருக்கும்."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணோட பழக்கம் இருந்துச்சு. உனக்குத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. அன்னைக்கு இவ வந்து சொன்னதும் நானும் தேடிப் படிச்சேன், அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நான்தான் இவ உடம்புல இதை வச்சிட்டேன்னு நினைச்சு நினைச்சு..."

நாத்தனார் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "சரி, நான் கிளம்பறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அவள், "நானும்தாங்க" என்றாள்.

"என்ன நானும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். என்னாலதான்னு."

அவன் ஒரு கணம் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. அவள் பட்டறை, அந்த ஆள் என்று தொடங்கினாள். அவன் கையை உயர்த்தி, "வேணாம். நீ என்னைக் கேட்கலல்ல? நானும் கேட்கல" என்றான். இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "டாக்டரம்மா அன்னைக்கே அந்த வேலையே வேணாம்னாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் காது கேட்கல" என்று அவள் சொன்னபோது அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பில் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. அன்று பல நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஆனால் பயம் அதோடு போய்விடவில்லை. முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற கட்டத்தையும் தாண்டியிருந்தது. மாறிய பகுதியை மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுக்க வேண்டும்.

"எடுத்துட்டா குழந்தை தங்குமா?" என்றாள். புற்றுநோய் இல்லை என்று கேட்டதற்கே நன்றி சொல்லாமல் இதைக் கேட்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தங்கறதுக்கு இது தடை இல்ல. ஆனா கருப்பையோட கழுத்து கொஞ்சம் குட்டையாகும். கர்ப்பம் ஆனா, முன்கூட்டியே பிரசவம் ஆக வாய்ப்பு கொஞ்சம் கூடும். அளந்து அளந்து பார்த்துக்குவோம்."

மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணிக்குள் முடித்தார்கள். கருகிய வாடை மட்டும் மூக்கிலேயே பல நாள் இருந்தது. வீட்டில் படுத்திருந்த நாளில் நாத்தனார் மறுபடி வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த டெஸ்ட் வலிக்குமா?" என்று கேட்டாள்.

"எந்த டெஸ்ட் அக்கா?"

"அதான், முதல்ல எடுத்தது. தூரிகை. எனக்கு அம்பத்திரண்டு ஆகுது. இதுவரைக்கும் எடுத்ததே இல்ல."

அன்று சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் இல்லை. வெண்ணெய், "வலிக்காதுக்கா. கூச்சமாத்தான் இருக்கும். நான் கூட வர்றேன்" என்றாள். போனார்கள். நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. செல்கள் சுத்தம். வைரஸ் மட்டும் இன்னும் இருந்தது.

"இருக்கா?" என்றாள் அவள், தவறாகக் கேட்டுவிட்டதுபோல.

"இருக்கு. சிலருக்குப் போக நாளாகும். செல் நல்லா இருக்கறதால கருவை வைக்க எனக்கு ஆட்சேபணை இல்ல. முடிவு உங்களுது."

கருப்பையைத் தயார் செய்ய மறுபடி ஹார்மோன் மாத்திரைகள். முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் நின்றாள். இது உள்ளே போனால் எதை எழுப்பும், எதைத் தூங்கவைக்கும் என்று அவளுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் முழுங்காமல் இருக்கலாம். ஆனால் முழுங்காமலே இருந்துவிட்டால், நாற்பது வயதில் இந்தச் சமையலறையில் நின்று என்ன நினைப்பாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. தண்ணீரைக் குடித்தாள். மாத்திரை போயிற்று.

முதல் கரு தங்கவில்லை. செய்தி வந்த அன்று வண்டியில் ஏறியிருந்தால் எல்லாரையும் இடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள் என்று, கண்டக்டரக்கா தன் விடுப்பையும் சேர்த்துப் போட்டு அவளோடு வீட்டிலேயே இருந்தாள். ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கினாள், பாத்திரம் தேய்த்தாள், இடையில் தன் மூன்று பிள்ளைகளையும் போனில் மாற்றி மாற்றித் திட்டினாள். "வேணும்னா இதுல ஒண்ணை எடுத்துக்கோடி, திருப்பிக் கேட்க மாட்டேன்" என்றபோது வெண்ணெய் அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டாவது கரு தங்கியது.

சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, பணிமனை அறையில் பேருந்து நேரங்களை மைக்கில் அறிவிக்கும் வேலைக்கு மாறினாள். ஒவ்வொரு தடவை ஸ்கேன் அறைக்குள் போகும்போதும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கு முன் தன் கருப்பைக் கழுத்தின் நீளம் என்ன என்று கேட்பாள். ஐந்தாம் மாதத்தில் அது குறைந்திருந்தது. கருப்பை வாய் திறந்துவிடாமல் இருக்கத் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு இருமல் வந்தாலும் பயம், தும்மினாலும் பயம். கணவன் வீட்டின் வாசற்படியைக்கூட ஒரு பலகை வைத்துச் சரிவாக்கிவிட்டான்.

பெண் குழந்தை ஐந்து வாரம் முன்னதாகவே வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தது. கட்டைவிரல் அளவு பாதங்கள். அத்தை, அதாவது அந்த நாத்தனார், பெட்டியின்மேல் மூக்கை ஒட்டவைத்து, "என் தம்பி மூக்கு" என்று அறிவித்தாள். யாரும் மறுக்கத் துணியவில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் அவள் மறுபடி டாக்டரம்மாவிடம் போனாள். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை மேஜை விளக்கின் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"செல் நல்லா இருக்கு. வைரஸ் இன்னும் இருக்கு. அடுத்த வருஷம் வாங்க" என்றார் டாக்டரம்மா.

இதே வார்த்தை முன்பு அவளைப் பல ராத்திரி தூங்கவிடாமல் செய்திருக்கும். இப்போதும் நெஞ்சில் ஒரு குளிர் ஓடத்தான் செய்தது. ஆனால் குழந்தை விளக்கை மேஜையின் விளிம்புவரை கொண்டுவந்துவிட்டிருந்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தபடியே அவள், "வர்றேன் டாக்டர். எந்த மாசம்?" என்று கேட்டாள்.